பூட்டைத் திறக்காமல் சின்ன கேட் வழியாகப் போய்வந்த விவரம்

என் பெயர், கணவர் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதியில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள், சைக்கிள் அக்கா என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். சம்மன் கொண்டுவருகிறவருக்கு உதவும் என்றேன், எழுதிக்கொண்டார்.

என்னை யாரும் அழைத்துவரவில்லை, நானாகத்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் வயலின் வாத்தியார் எதிரே வந்து சைக்கிளை நிறுத்தினார். அவரும் எங்களோடு ஒரே வழியில் சைக்கிளில் போய்வருகிறவர். "அக்கா, வாட்ச்மேனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கள்ளச்சாவி போட்டுட்டாருன்னு செகரட்டரி எழுதிக் கொடுத்திருக்காராம். ரூமையும் காலி பண்ணச் சொல்லியாச்சு. அவர் வீட்டம்மா பாத்திரத்தையெல்லாம் வெளியில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க" என்றார். வாட்ச்மேன் என்பது பம்ப் ஹவுஸ் சந்துக்குப் பக்கத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. ரூம் என்பது அங்கே மாடிப்படிக்குக் கீழே அவரும் மனைவியும் குடியிருக்கும் அறை. செகரட்டரி என்பது அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பல் டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பி நேராக இங்கே வந்தேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். கள்ளச்சாவி என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்தப் பூட்டை யாரும் திறக்கவில்லை, உடைக்கவும் இல்லை. காவலாளிக்கு இதில் ஒன்றுமே தெரியாது. எல்லாம் என்னால் வந்தது. எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவருடைய தங்கை எங்களுடன் இருக்கிறாள். சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை. நாத்தனார் என்றால் எலியும் பூனையுமாக இருப்போம் என்று நினைத்துவிடக் கூடாது, எங்கள் வீட்டில் நானும் அவளும் ஒரு கட்சி, என் கணவர் தனிக்கட்சி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பெரிய ரோட்டில்தான் சைக்கிளில் போய்வந்தாள். போன மழைக்காலத்துக்கு முன்பு மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் ஹேண்டில்பாரில் தட்டி, அவள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கார் நிற்கவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்தவர்கள், பெரிய ரோட்டில் சைக்கிள் ஓட்டலாமா என்று அவளைத்தான் திட்டினார்கள்.

அதன் பிறகு எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். அந்த பஸ் ஓடும் நேரத்தைவிட மேம்பாலத்தின் வாயில் நிற்கும் நேரம் அதிகம். கம்பெனி கேட்டை மூடிவிட்டால் அரைநாள் போயிற்று. அப்படிப் பல தடவை ஆன பிறகு, இனிமேல் தாமதமாக வந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் பெரிய ரோட்டிலேயே சைக்கிளுக்கென்று தனித்தடம் இருக்கிறதே, அதில் போனால் என்ன என்று உதவி ஆய்வாளர் இப்போது கேட்டார். இருக்கிறது. அதன்மேல் வரிசையாகக் கார்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அந்தப் பச்சைப் பெயின்டைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து காருக்கு அடியில்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நானே அவளுக்கு ஒரு வழி தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றினேன். மார்க்கெட் தெருவில் காலையில் லாரிகள் பின்பக்கமாகவே வந்துகொண்டிருக்கும், ஓட்டுபவருக்கு நாம் தெரிவதில்லை, அதனால் வேண்டாம் என்று விட்டேன். பள்ளிக்கூடத் தெருவின் மேல்கோடியில் பிள்ளைகளை இறக்கிவிடும் கார்களின் கதவு எப்போது எந்தப் பக்கம் திறக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது, அதையும் விட்டேன். தூரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. போய்ச் சேரும்வரை கை எத்தனை தடவை பதறிப்போய் பிரேக்கைப் பிடிக்கிறது என்றுதான் பார்த்தேன். வாய்க்கால் ஓரப் பாதையில் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தது, அதுவும் பேச்சுத் துணைக்குத்தான்.

ஆனால் வாய்க்கால் பாதை பம்ப் ஹவுஸ் சந்தில் முட்டி நின்றுவிடுகிறது. எதிரே மேற்படி குடியிருப்பின் பின்சுவர். சுவரில் ஒரு சின்ன கேட். உள்ளே நுழைந்து கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகப் போனால் பக்கச் சுவரில் இன்னொரு சின்ன கேட். அதைத் தாண்டினால் பள்ளிக்கூடத் தெருவின் கீழ்க்கோடி, அங்கே கார்த் தொல்லை கிடையாது, அங்கிருந்து கம்பெனி கூப்பிடு தூரம். இந்த இரண்டு கேட்டும் இல்லையென்றால் சுற்றிக்கொண்டு மறுபடி மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும்.

அதன் பிறகு நான் காவலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "காலையில மோட்டார் போட வரும்போது ரெண்டு தாழ்ப்பாளையும் எடுத்துவிடறேன். சாயந்திரம் செடிக்குத் தண்ணி விட்டுட்டுதான் போடுவேன். உள்ள மட்டும் இறங்கித் தள்ளிட்டுப் போங்கம்மா. உங்களால எனக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். அப்போதைய செயலாளரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானும் நாத்தனாரும் ஒரு நாளும் உள்ளே ஏறி ஓட்டியதில்லை. அதன் பிறகு வயலின் வாத்தியார் வந்தார், தபால்காரம்மா வந்தார், ஓட்டலில் மாவரைக்கும் அண்ணன் வந்தார். நல்ல வழி என்றால் வாய் சும்மா இருக்குமா, நானே நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

இந்த நிலையில் புதிதாக வந்த ஒருவர், எங்களுக்குப் பழக்கமில்லாதவர், உள்ளே இறங்காமல் வேகமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். இப்போதைய செயலாளரின் பேத்தி கார்களுக்கு நடுவில் நடைபழகிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹேண்டில்பார் உரசிக் குழந்தை விழுந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை அதன் பிறகு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாலே தாத்தாவின் காலைக் கட்டிக்கொள்கிறாள் என்று காவலாளி சொன்னார். மறுநாளே இரண்டு கேட்டுக்கும் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டு, சாவியைச் செயலாளர் தம்மிடமே வைத்துக்கொண்டார். காவலாளி முன்வாசலை விட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. செயலாளர் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படிப் பயந்த ஒருத்தி இருக்கிறாள்.

பூட்டுப் போட்ட மறுநாள் என் நாத்தனார் மனதைத் தைரியப்படுத்திக்கொண்டு பெரிய ரோட்டில் போனாள். மேம்பாலம்வரை ஓட்டியிருக்கிறாள். அங்கிருந்து கம்பெனிவரை நடைபாதையில் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள், சாயங்காலம் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தாள். பிரேக் பிடியில் உள்ள கோடுகள் அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் அச்சாகப் பதிந்திருந்தன. ஓட்டாத சைக்கிளுக்கு எதற்கு அவ்வளவு அழுத்திப் பிரேக் பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள். பிறகு, "அண்ணி, நான் வேலைய விட்டுடறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அவள் எதிரில் அழவில்லை.

அன்று சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்தது. என் கணவர் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மேற்படி இரண்டு சின்ன கேட்டும் பல வருடங்களுக்கு முன்பு அவர் செய்து மாட்டியவை. சின்ன கேட் என்றாலும் யானை வந்து முட்டினாலும் நிற்க வேண்டும் என்று கனமாகச் செய்வது அவர் பழக்கம். ஆனால் அந்த இரண்டு கேட்டில் மட்டும் ஒரு தப்பு நடந்துவிட்டது, எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட் தொங்குவதற்குத் தூணில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்பு முளைகள் வைப்பார்கள், கேட்டில் உள்ள வளையங்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். மேல் முளையைத் தலைகீழாகக் கீழ்நோக்கி வைத்துவிட்டால் கேட்டைத் தூக்கி எடுக்க முடியாது. என் கணவர் இரண்டையும் மேல்நோக்கியே வைத்துவிட்டார்.

எதனால் அப்படி ஆயிற்று என்று உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். அன்றுதான் என் நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். தங்கை முதல் நாள் வேலை முடிந்து வரும்போது கம்பெனி வாசலில் தான் நிற்க வேண்டும் என்று அவர் பட்டறை வேலையை அவசரம் அவசரமாக முடித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் முளை ஞாபகம் வந்தது. நாளைக்குப் போய் மேலே ஒரு துண்டு வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. அவர் நாளைக்கு என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை, சமையலறைக் குழாய் நாளைக்கு நாளைக்கு என்றே இரண்டு வருடமாகச் சொட்டுகிறது.

அன்று சாப்பாட்டின்போதும் அவர் சிரித்துக்கொண்டே, "பூட்டாம் பூட்டு. அந்தப் பக்கம் பூட்டி என்ன புண்ணியம், இந்தப் பக்கம் கீழேருந்து தூக்கினா கையோட வந்துடும்" என்றார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். "நான் ஒன்னும் சொல்லலை" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும் நேரத்தில் நானும் நாத்தனாரும் பம்ப் ஹவுஸ் சந்துக்குப் போனோம். நான் முன்கம்பியையும் அவள் பின்கம்பியையும் பிடித்துத் தூக்கினோம். கேட் முளையிலிருந்து கழன்று, சங்கிலிப் பக்கமே கீல் மாதிரி ஆகி, எதிர்ப்பக்கமாகத் திறந்துகொண்டது. சைக்கிள்களை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்ப மாட்டினோம். அடுத்த கேட்டிலும் அப்படியே செய்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அன்று அவள் நேரத்துக்குக் கம்பெனிக்குப் போனாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தாமதம் இல்லை, வேலையை விடுகிறேன் என்ற பேச்சும் இல்லை.

கேட்டின் கனத்துக்கு ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அதனால் யார் முதலில் வந்தாலும் இரண்டாவது ஆள் வரும்வரை சந்தில் நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்பு ஒருவரையொருவர் பார்த்தால் மணி அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் நாங்கள். நிற்க ஆரம்பித்த பிறகுதான் தபால்காரம்மாவுக்கு முதுகுவலி என்பதும், மாவரைக்கும் அண்ணன் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்பதும் தெரிந்தது. வயலின் வாத்தியார் விரலைக் காட்டி, தூக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அவர் எல்லோருடைய சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் புதிய ஆளையும் ஒரு நாள் பிடித்து, குழந்தை விழுந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு அவர் சந்து முனையிலேயே இறங்கிவிடுகிறார்.

பூட்டிய கேட் வழியாக நாங்கள் வந்துபோவதைக் கீழ்த்தள வீட்டுக்காரர்கள் பார்த்துச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பூட்டை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். பூட்டு மாறியதே எங்களுக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதே இல்லை. போன வாரம் செயலாளர் உள்ளே வயலின் வாத்தியாரை எதிரில் பிடித்து, யார் திறந்துவிட்டது என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் பயந்துபோய், கேட் திறந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டார். எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னது. அந்த ஒரு வார்த்தை நேராகக் காவலாளி தலையில் போய் விழுந்தது. சாவி செயலாளரிடம், கேட் திறந்திருந்தது என்று சாட்சி, அப்படியானால் காவலாளியிடம் கள்ளச்சாவி என்று ஆகிவிட்டது. இது வாத்தியார் சொல்லி எனக்கு இன்று காலைதான் தெரியும். தெரிந்த பிறகு ஒரு நிமிடம்கூட நான் சும்மா இருக்கவில்லை.

நான் மேற்கண்டவாறு சொன்னதை உதவி ஆய்வாளர் நம்பவில்லை. சங்கிலி போட்டுப் பூட்டிய கேட்டை எப்படியம்மா திறக்க முடியும் என்றார். நேரில் காட்டுகிறேன் என்றேன். அதன் பிறகு அவர், காவலாளி, நான் ஆகிய மூவரும் குடியிருப்புக்குப் போனோம். காவலாளியின் மனைவி ஸ்டவ், வாளி, ஒரு சுருட்டிய மெத்தை ஆகியவற்றுக்கு நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். செயலாளர் கீழே வந்தார். அவர் எங்களோடு பின்சுவர் கேட்டுக்கு வந்து, பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டு பூட்டியிருப்பதைத் தாமே இழுத்துப் பார்த்தார்.

கேட்டைத் தூக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்று நான் சொன்னேன். நாத்தனார் வேலையில் இருந்தாள். காவலாளி தொடக் கூடாது, தொட்டால் அவருக்குப் பழக்கம் என்று ஆகிவிடும் என்றேன். உதவி ஆய்வாளர் கையில் காகிதங்கள் இருந்தன. ஆகவே செயலாளரைப் பின்கம்பியைப் பிடிக்கச் சொன்னேன். "முதுகை வளைக்காம, முட்டியை மடக்கித் தூக்குங்க சார்" என்றேன். தூக்கினோம். கேட் கையோடு வந்துவிட்டது. பூட்டு அதன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

செயலாளர் கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் போய் நின்று, வாய்க்கால் பாதையைப் பார்த்தார். "இது எங்க போகுது?" என்று கேட்டார். அவர் அங்கே குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன, எப்போதும் முன்வாசலில் காரில் போய்க் காரில் வருகிறவர், அந்தப் பாதையை அதற்குமுன் பார்த்ததில்லையாம். வாய்க்கால் ஓரமாகவே போனால் மேம்பாலத்தைத் தொடாமல் எங்கள் வீடுவரை போகலாம் என்றேன். மணிக்கட்டு முறிந்த விஷயத்தையும் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு இப்ப பயம் போயிடுச்சா?" என்றார். பெரிய ரோட்டில் போகவில்லை, இந்த வழியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுகிறாள் என்றேன். அவர் பேத்தி இருக்கும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

காவலாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார் கேட்டதிலேருந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்மா, சாவி எங்கேருந்து வந்திருக்கும்னு. கடைசியில எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லோரும் நிலையத்துக்குத் திரும்பினோம். கள்ளச்சாவிப் புகாரை வாபஸ் வாங்குவதாகச் செயலாளர் எழுதிக் கொடுத்தார். காவலாளியை நாளைக் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்துவிடச் சொன்னார். ஆனால் கேட் இப்படி இருக்கக் கூடாது, செய்தவரே சரிசெய்ய வேண்டும் என்றார். அது நியாயம்தான். என் கணவருக்குத் தகவல் போய் அவரும் பட்டறையிலிருந்து வந்தார். தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். எப்போது முடியும் என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, "நாளைக்கு வந்து வெல்டிங் அடிச்சுக் கொடுத்துடறேன் சார்" என்றார்.

இதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றையும் எழுத்தர் முதலிலிருந்து உரக்கப் படித்தார், நான் கேட்டேன். சமையலறைக் குழாய் வரும் இடம் உட்பட முழுவதையும் செயலாளரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். படித்து முடித்த பிறகு, கேட்டை என் கணவர் எந்தத் தேதியில் சரிசெய்வார் என்று குறித்துக்கொள்ள வேண்டுமா என்று எழுத்தர் செயலாளரிடம் கேட்டார். "அதான் நாளைக்குன்னு சொல்லிட்டாரே, அப்படியே இருக்கட்டும். உள்ள மட்டும் இறங்கித் தள்ளிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் செயலாளர். அப்படியே எழுதப்பட்டது.

ஒப்பம்.